செட்டிநாட்டில் இடம் வாங்கும்முன்: எவ்வளவு ரிஸ்க் உங்களுக்குத் தாங்கும்? முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் 12 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் சுத்தம், 30 அடி ரோடு, கிழக்குப் பார்த்த இடம். அதை மூன்று வருடத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாங்கலாம். சிங்கப்பூரில் மாதச் சம்பளம் வாங்கும் 35 வயதுக்காரரும் வாங்கலாம். மனை ஒன்றுதான், ரிஸ்க் ஒன்றல்ல. ஆசிரியருக்கு அந்த மனை மூன்றாம் வருடம் விலை போயே ஆக வேண்டும். சிங்கப்பூர்க்காரருக்கு அது பத்து வருடம் முள் மண்டிக் கிடந்தாலும் சோற்றுக்குக் குறைவு வராது.

ஆக, ரிஸ்க் பாதி நிலத்தில் இருக்கிறது, மீதி வாங்குபவரின் கணக்கில் இருக்கிறது. “நீங்க தைரியமான ஆளு சார்” என்று புரோக்கர் சொல்வதை வைத்து இதை அளக்க முடியாது. பேனா, தாள், ஒரு சாயங்காலம் போதும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பத்திர அலைச்சல்.

படி 1: ஐந்தொகை எடுங்கள்

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன இடத்திலும் செட்டிநாட்டு வணிகர்கள் ஐந்தொகை போடத் தவறியதில்லை. கையில் என்ன, வரவேண்டியது என்ன, கொடுக்கவேண்டியது என்ன என்று ஒரே தாளில் தெரிந்துவிடும். இடம் வாங்குவதற்கும் அதுதான் முதல் வேலை.

ஓர் உதாரணம். வங்கி, எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 40 லட்சம் இருக்கிறது. உறவுக்காரருக்குக் கொடுத்த கைமாற்றை இதில் சேர்க்காதீர்கள், வந்தால் வரவு. வீட்டு நகையையும் சேர்க்காதீர்கள். விற்க யாருக்கும் மனசு வராது, அடகு வைத்தால் அது கடன்.

இப்போது கழியுங்கள். மாதச் செலவு 40,000 என்றால் ஆறு மாதத்துக்கு 2.4 லட்சம் (சொந்தக் கடை, ஒப்பந்த வேலை என்றால் பன்னிரண்டு மாதம்). மருத்துவத்துக்கு 3 லட்சம். ஐந்து வருடத்துக்குள் தேதி தெரிந்த செலவுகள்: மகன் படிப்பு 8 லட்சம், மகள் கல்யாணம் 12 லட்சம். மொத்தம் 25.4 லட்சம் போனால் மீதி 14.6 லட்சம். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் ஒரே இடத்தில் போடக் கூடாது என்பது எங்கள் கணக்கு. பக்கத்து மனைக்காரர் எல்லைத் தகராறு செய்தால் வக்கீலுக்குப் பணம் வேண்டுமல்லவா? அப்படியானால் இந்தக் குடும்பத்தின் உச்ச வரம்பு சுமார் 11 லட்சம், செலவு எல்லாம் உள்பட.

படி 2: கையெழுத்துப் போட்ட அன்றே எவ்வளவு நஷ்டம்?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023இல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. அதே சமயம் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை) ஏறியது. பத்திர விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இந்த 9 சதவீதம். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

12 லட்ச மனைக்கு இது 1,08,000. புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 12,000. வக்கீல், பத்திர எழுத்தர், சர்வேயர், கல் ஊன்றுவது எல்லாம் குறைத்துப் போட்டாலும் 20,000. ஆக மொத்தம் 13.4 லட்சம். மறுநாளே விற்க நேர்ந்தால் உங்கள் கைக்கு வருவது 12 லட்சம்கூட அல்ல, ஏனென்றால் விற்கும்போதும் கமிஷன் உண்டு.

இந்த 13.4 லட்சத்தை 6 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் ஐந்து வருடத்தில் வரி போகுமுன் 17.9 லட்சம் ஆகியிருக்கும். மனையும் அதே தொகைக்கு விற்க வேண்டுமானால், 12 லட்சத்திலிருந்து ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், ஒரு வருடமும் தவறாமல் ஏற வேண்டும். “அஞ்சு வருஷத்துல அரை மடங்கு ஏறிடுச்சு” என்று யாராவது பெருமை பேசினால், எஃப்டிக்காரரும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறார் என்று பொருள். முதல் படியில் வரம்பு 11 லட்சம் என்று வந்ததும் நினைவிருக்கட்டும். மனை நல்லதுதான், அந்தக் குடும்பத்துக்கு அல்ல.

படி 3: எத்தனை வருடம் முடங்கினால் தாங்கும்?

பெரிய நகரத்தில் விலை இறங்குமோ என்று பயப்படுவார்கள். செட்டிநாட்டில் பெரிய ரிஸ்க் அதுவல்ல. விலை இறங்கியதாக இங்கே யாரும் ஒப்புக்கொள்வதே இல்லை. வாங்க ஆள் வராது, அவ்வளவுதான். கேட்ட விலை 15 லட்சம், வந்த விலை 11 லட்சம், இரண்டுக்கும் நடுவில் நான்கு வருடம் ஓடிவிடும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில், நீங்கள் பார்க்கும் மனையின் சர்வே எண்ணுக்கு மட்டுமல்லாமல் அந்த மனைப் பிரிவின் (லேஅவுட்டின்) மற்ற சர்வே எண்களுக்கும் வில்லங்கம் (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை மறு விற்பனை நடந்தது என்று எண்ணுங்கள். லேஅவுட் போட்டவர் முதன்முதலில் விற்ற பத்திரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றதுதான் கணக்கு. 60 மனை உள்ள லேஅவுட்டில் இரண்டே மறு விற்பனை என்றால், உங்கள் பணம் ஏழு வருடமாவது முடங்கும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பத்திரத்தில் காட்டிய தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் விலையை அதிலிருந்து எடுக்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் எடுங்கள்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டும் உண்மை, இரண்டும் விற்பவர் வாயில் நாள்தோறும் புழங்குபவை. ஆனால் இரண்டுமே உங்கள் மனைக்கு ஒரு வாடிக்கையாளரைக் கூட்டிவராது. மறு விற்பனை எண்ணிக்கை மாறியதா என்று பாருங்கள்.

படி 4: சொத்தின் வகையை உங்கள் அளவோடு பொருத்துங்கள்

மிகக் குறைந்த ரிஸ்க், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டானால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இருக்க வேண்டும். எண்ணை வாங்கி நீங்களே தளத்தில் தேடிப் பாருங்கள். நோட்டீசில் அச்சடித்ததை நம்ப வேண்டாம். முடக்கம் மூன்று முதல் ஏழு வருடம் தாங்கும் என்பவர்களுக்கு இது.

அங்கீகாரமில்லாத மனை மலிவாகக் கிடைக்கும். 20.10.2016க்கு முன் மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபதிவு நடக்கும். ஆனால் வரன்முறை செய்யாமல் (அரசிடம் முறைப்படுத்தி அங்கீகாரம் வாங்காமல்) கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் சிரமம். வாங்க வருபவர் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்துவிடும். விலையில் மிச்சமானது விற்கும்போது போய்விடும். இதைத் தவிர்ப்பதே நல்லது.

மானாவாரி நிலம். இதில் மூன்று விஷயம் கெடும்: பாதை, தண்ணீர், பெயர். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) வண்டிப்பாதை இருக்கிறதா, அது பக்கத்து ஆளின் பட்டாவுக்குள் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். “இத்தனை வருஷமா இப்படித்தான் போறோம்” என்பது பாதை ஆகாது. செம்பாறை மண்ணில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு போர் பொய்த்தால் செலவை யார் தாங்குவது என்று முன்பே கணக்கிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது, வாரிசாகப் பெறலாம். இங்கே உள்ள தம்பி பெயரில் வாங்கிப் போட்டால் போகிறது என்பார்கள். பிறகு தம்பி பெயரில் இருப்பது தம்பியுடையதுதான். பினாமிச் சட்டமும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

வாடகை வீட்டுக்கு அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), கல்லூரிகள் பக்கம் தேவை இருக்கிறது. ஆனால் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்குப் போடாதீர்கள், பத்து மாதத்துக்குப் போடுங்கள். 30 லட்ச ரூபாய் வீடு, 9,000 வாடகை: ஆண்டுக்கு 90,000. வரி, வெள்ளை, மோட்டார், குழாய் என்று 15,000 போனால் 75,000. இரண்டரை சதவீதம். மாத வருமானம் தேவைப்படுபவருக்கு இது காணாது.

படி 5: பழைய வீட்டில் பங்கு

செட்டிநாட்டில் மட்டும் தனியாக எழுத வேண்டிய ரிஸ்க் இது. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து, முகப்பு முதல் கொல்லை வரை இரண்டு தெருவைத் தொடும் வீடு. சதுர அடிக் கணக்குப் பார்த்தால் விலை மலிவு மாதிரியே தெரியும். மலிவுக்குக் காரணம் பத்திரத்தில் இருக்கிறது.

கட்டியவருக்கு மூன்று மகன்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று, அவர்களுக்கும் மூன்று என்றால் நான்காம் தலைமுறையில் 27 பங்கு. இது ஆண் வழி மட்டும். தமிழ்நாட்டில் 1989இல், அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கும், நாடு முழுக்க 2005 செப்டம்பர் முதல் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. ஆகவே “பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சீர் செஞ்சாச்சு” என்ற வாய்மொழி, பத்திரத்துக்கு முன் நிற்காது.

வாங்குபவர் கேட்க வேண்டியது ஒன்றே: முழு வீடா, ஒரு பங்கா?

ஒரு பங்கு மட்டும் என்றால், சட்டம் வெளியாளுக்குச் சாதகமாக இல்லை. பிரிவினையாகாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் மற்றவர்களோடு கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவினை வழக்குப் போட்டால், பங்காளிகள் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. பணம் கொடுத்த பிறகும் சாவி கைக்கு வராது. இந்த ரிஸ்க்கைத் தாங்கக்கூடியவர் ஏற்கெனவே அந்த வீட்டில் பங்குள்ள பங்காளி ஒருவர்தான்.

முழு வீடு என்றால் வேலை இதுதான்: வம்சாவளியைப் படமாகப் போட்டு, ஒவ்வொரு கிளைக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எதிரெதிரே எழுதுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பங்குதாரரில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இருக்கிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 18 வயதான பின் மூன்று வருடத்துக்குள் அவர் விற்பனையை எதிர்த்து வரலாம். மலேசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் பவர் கொடுத்திருப்பார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் போச்சு, அதனால் பதிவு நாளையொட்டி உயிர்ச் சான்று வாங்குங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் டிடிஎஸ் (விலையிலிருந்தே வருமான வரியைக் கழித்துக் கட்டுவது) பிடிப்பது உங்கள் பொறுப்பு. உள்ளூர்க்காரருக்கு 50 லட்சம் முதல் 1 சதவீதம் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது, விகிதம் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் வரித் துறை உங்களிடம் கேட்கும். முதலில் ஆடிட்டரிடம் போய்விட்டு வாருங்கள்.

மராமத்துக்கு ஒரு வார்த்தை. ஓடு இறங்கும் மூலைகள், வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றிய தாழ்வாரத்தின் மர முனைகள், செல் அரித்த விட்டங்கள் மூன்றையும் மழைக்காலத்தில் பாருங்கள், கோடையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே ஈரம் அடைபட்டிருக்கும். கொத்தனார் சொல்லும் மதிப்பீட்டுடன் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: கடனுக்கு ஒத்திகை

25 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 21,700. வட்டி 10.5 ஆனால் சுமார் 24,960. மிதக்கும் வட்டிக் கடனில் இது நடக்கக்கூடியதே. வங்கிகள் பெரும்பாலும் இஎம்ஐயை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும், அதனால் வலி உடனே தெரியாது.

வீடு வாங்குமுன் ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். 25,000 ரூபாயை மாதம் 5ஆம் தேதி ஆர்டியில் போடுங்கள், வாடகை வரவு எதையும் கணக்கில் சேர்க்காமல். ஒரு மாதம்கூட தவறாமல், கிரெடிட் கார்டைத் தொடாமல் கட்ட முடிந்தால் அந்தக் கடன் உங்களுக்குத் தாங்கும். இரண்டு மாதம் தவறினால் கடன் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மறுபடி ஒத்திகை. ஆறு மாதத்தில் இடம் கைநழுவிவிடும் என்று புரோக்கர் சொல்வார்; படி 3இல் எண்ணிய மறு விற்பனையைப் பார்த்தால் அவ்வளவு அவசரம் யாருக்கும் இல்லை என்று தெரியும்.

கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு தொகை எழுதுங்கள்: “இவ்வளவு போனாலும் வீட்டில் சண்டை வராது”. இரண்டில் சிறிய தொகைதான் குடும்பத்தின் அளவு. சராசரி எடுக்காதீர்கள்.

படி 7: பணத்தைத் துண்டுதுண்டாக ஆபத்தில் வையுங்கள்

முதல் துண்டு வக்கீல் கட்டணம் மட்டும். விற்பவரிடம் நகல்களை வாங்கி, தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை தொடர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகான வில்லங்கம் கிடைக்கும். பழைய வீட்டுக்கு அது போதாது, சார்பதிவகத்தில் அதற்கு முந்தையதையும் மனுப் போட்டு எடுக்க வேண்டும். வில்லங்கத்தில் வராதவை பல: பதிவு செய்யாத உயில், நடக்கும் வழக்கு, உள்ளே இருக்கும் குடித்தனக்காரர். இதற்கெல்லாம் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் மோர் குடித்தால் கிடைக்கும் தகவல்தான் மருந்து.

பட்டா விற்பவர் பெயரில் இருப்பதாலேயே சொத்து அவருடையது ஆகாது. 1980களின் யூடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவில் தவறிய பெயர்கள் இன்னும் பல கிராமங்களில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), பத்திரம் மூன்றிலும் பரப்பு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்று சொல்லிவிட்டு 2,100 சதுர அடி அளந்தால் 78 சதுர அடி எங்கே என்று கேளுங்கள். ஊருணிக் கரை, கண்மாய்ப் புறம்போக்கு, கோவில் இடம் என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் துண்டு அட்வான்ஸ். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். காசோலை அல்லது வங்கி வழி மட்டும். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்குத் தடை, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், கெடு மூன்று மாதம், உரிமையில் குறை வந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். அந்த வரிக்கு விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் குறை எங்கேயோ இருக்கிறது.

மீதிப் பணம் பதிவு நாளில், மூலப் பத்திரமும் சாவியும் கைக்கு வரும்போது.

படி 8: வாங்கிய பிறகு

ரிஸ்க் பதிவு நாளோடு முடியாது. உடனே பட்டா மாறுதலுக்கு மனு, நான்கு மூலைக் கல், கம்பி வேலி, கைப்பேசியில் தேதியோடு படம். வருடம் இரண்டு முறை, ஆடியிலும் தையிலும், முள்ளை வெட்டிவிடுங்கள். ஒரு மழைக்காலம் விட்டால் கருவேலம் எல்லைக் கல்லை மறைத்துவிடும். வெளியூரில் இருப்பவர் இதற்கு ஆள் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அதுவும் உங்கள் ரிஸ்க்கின் விலைதான். சித்திரையில் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பத்திர எண் ஏதாவது வந்திருந்தால், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.